கூத்துக்கு முதல் பயணம்
சத்தம் தாங்காத குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு



பங்குனி பிறந்தால் வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோவில்களில் கொடி ஏறத் தொடங்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. ஆடி வரைக்கும் ஒரு ஊர் மாற்றி ஒரு ஊரில் இது நடந்துகொண்டே இருக்கும். ஊரே பாயும் கோணியும் தூக்கிக்கொண்டு களரிக்குப் போய் இடம் பிடிக்கும்.

ஆனால் சில வீடுகளில் மட்டும் ஓர் ஆள் வீட்டிலேயே நின்றுவிடுவார். பெரும்பாலும் அது தாய்தான். கேட்டால், "எங்க புள்ளைக்கு மேளச் சத்தம் ஆவாது" என்பார். முதலில் கூத்துக்குப் போவது நிற்கும். பிறகு கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் ஒவ்வொன்றாக நிற்கும். சில வருஷத்தில் குழந்தைக்கு ஊர் தெரியாது, ஊருக்கும் குழந்தையைத் தெரியாது. தாய்க்குப் பேச ஆள் இருக்காது. புருஷன் பெண்டாட்டிக்குள் மனஸ்தாபமும் வரும்.

இந்த வெளியீடு அப்படிப்பட்ட வீடுகளுக்காக. சத்தம், வெளிச்சம், கூட்டம் தாங்காத குழந்தையை முதல் தடவையாகக் கூத்துக்கு அழைத்துப் போவது எப்படி என்று இதில் சொல்கிறோம். முன்கூட்டியே தயார் செய்தால், கணவனும் மனைவியும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால், இது முடியக்கூடிய காரியமே.

இது எந்தக் குழந்தைக்கு?

மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற குழந்தை. பட்டாசு வெடித்தால் ஒரு மணி நேரம் அழுகை அடங்காத குழந்தை. முரட்டுத் துணி உடம்பில் பட்டால் கழற்றி எறிகிற குழந்தை. கூட்டத்தில் யாராவது தொட்டால் பதறுகிற குழந்தை. இவர்களுக்குக் காதும் கண்ணும் தோலும் அனுப்பும் செய்தியை மூளை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் அவர்களுக்கு அடி விழுந்த மாதிரி இருக்கும். காதைப் பொத்துவது அடம் அல்ல, வலியைத் தடுத்துக்கொள்ளும் வழி.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இந்தக் கூச்சம் உண்டு. ஆட்டிசம் இல்லாத சில குழந்தைகளுக்கும் இருக்கலாம். குழந்தைக்கு ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரலால் எதையும் சுட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற பரிசோதனையும் அவசியம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லுகிறோம். தாய் வளர்த்த முறையால் ஆட்டிசம் வருவதில்லை. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததாலும் வருவதில்லை, தடுப்பூசியாலும் வருவதில்லை. காற்று, கருப்பு, செய்வினை எதுவும் காரணமில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

கூத்தில் குழந்தையைப் பயமுறுத்துவது எது?

தயார் செய்யுமுன் எதற்குத் தயார் செய்கிறோம் என்று தெரியவேண்டும். நமக்குப் பழகிப்போன கூத்தைக் குழந்தையின் கண்ணால் ஒரு தடவை பாருங்கள்.

மிருதங்கம், டோலக்கு, தாளம், முகவீணை, ஆர்மோனியம் எல்லாம் ஒன்றாக முழங்கும். அதில் முகவீணையும் தாளமும் கூர்மையான சத்தம். ஆடுகிறவர் காலில் கட்டிய சலங்கை வேறு. இத்தனையும் ஒலிபெருக்கி வழியாக நாலு திசைக்கும் போகும். இடையில் வெடி போட்டாலும் போடுவார்கள்.

இருட்டிலிருந்து வருகிறவர் கண்ணில் திடீரென்று விளக்கு வெளிச்சம் பாயும். பளபளக்கும் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்பில் பதக்கம், சிவப்புச் சாயம் பூசிய முகம். வேஷக்காரர் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். குரல் மட்டும் வரும், ஆள் தெரியாது. பிறகு சட்டென்று திரை விலகும். நமக்கு அதுதான் சுவை. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் தவிக்கிற குழந்தைக்கு அதுவே பெரிய பயம்.

போதாததற்கு, தூங்கவேண்டிய நேரம். ராத்திரி பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை ஆட்டம் நடக்கும். கண்ணெரிச்சலோடு இருக்கும் குழந்தைக்குச் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகத் தெரியும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் "லயன் கிங்" என்ற பெரிய நாடகம் பல வருஷங்களாக நடந்து வருகிறது. 2011 அக்டோபரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்றே ஒரு காட்சியை அங்கே தனியாக நடத்தினார்கள். கடுமையான சத்தங்களைக் குறைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் மின்னல் வெளிச்சத்தை மாற்றினார்கள். வெளியே அமைதியான இடம் ஒன்றை ஒதுக்கினார்கள். கொட்டகை எப்படி இருக்கும், அங்கே என்னென்ன நடக்கும் என்று படத்தோடு எழுதி முன்கூட்டியே குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். குழந்தை எழுந்து நடக்கலாம், குரல் கொடுக்கலாம், யாரும் முறைக்கமாட்டார்கள். இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட காட்சிகள் நடக்கின்றன.

நம் ஊர்க் களரியில் இந்த ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். இதில் பாதி நம் கூத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கூத்துக்குக் கதவு கிடையாது. நினைத்தபோது வரலாம், நினைத்தபோது போகலாம். முன்னாலும் உட்காரலாம், தூரத்தில் புளியமரத்தடியிலும் உட்காரலாம். குழந்தை அழுதாலும் ஆடினாலும் ஆட்டம் நிற்காது. மீதிப் பாதியை நீங்கள் இருவரும் ஏற்பாடு செய்யவேண்டும். அவ்வளவே.

ஒரு மாதத்துக்கு முன்பிருந்து

1. கைபேசியில் கூத்துப் பதிவு ஒன்றைக் காட்டுங்கள். முதல் நாள் சத்தமே இல்லாமல், இரண்டு நிமிஷம் மட்டும். அடுத்தடுத்த நாள் மிகச் சின்னச் சத்தத்தில். குழந்தை முகம் சுளிக்காத அளவிலேயே நிறுத்துங்கள். பழகிய பிறகு ஒரு படி கூட்டுங்கள். அவசரம் வேண்டாம்.

2. காதுமூடி ஒன்று வாங்குங்கள். ஆலைகளிலும் மர அறுவை மில்லிலும் தொழிலாளர் போடுகிற மாதிரியே குழந்தைகளுக்கும் சின்ன அளவில் கிடைக்கிறது. வீட்டில் விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள். அன்றைக்கே புதிதாக மாட்டினால் அதையே குழந்தை பிடுங்கி எறியும். பஞ்சு வைத்தால் சத்தம் கொஞ்சம்தான் குறையும். பஞ்சையோ வேறு எதையுமோ காதுக்குள் தள்ளவே கூடாது.

3. குழந்தைக்குக் கதை சொல்லுங்கள். "நாம கோவிலுக்குப் போவோம். பாய் போட்டு உக்காருவோம். மேளம் அடிப்பாங்க. சத்தம் பெருசா இருந்தா காதுமூடி போட்டுக்கலாம். கட்டியக்காரன் வந்து சிரிப்பு காட்டுவான். அப்பறம் வீட்டுக்கு வந்துடுவோம்." இதே வரிகளை, இதே வரிசையில், தினமும் ஒரு தடவை சொல்லுங்கள். அப்பா ஒரு விதமாகவும் அம்மா வேறு விதமாகவும் சொல்லக் கூடாது. பேச்சு வராத குழந்தைக்கு நாலு படம் வரைந்து காட்டலாம். படம் நன்றாக இருக்கவேண்டும் என்ற அவசியமில்லை. பாய், மேளம், காதுமூடி, வீடு இவை அடையாளம் தெரிந்தால் போதும்.

4. "போதும்" என்பதற்கு ஒரு சைகை பழக்குங்கள். உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவது, அப்பாவின் தோளைத் தட்டுவது, எது எளிதோ அது. அந்தச் சைகை காட்டினால் சத்தத்திலிருந்து நம்மை வெளியே எடுத்துப் போவார்கள் என்ற நம்பிக்கை குழந்தைக்கு வரவேண்டும். ஆகவே வீட்டில் பழக்கும்போது சைகை காட்டிய உடனே வானொலியையோ டி.வி.யையோ நிறுத்திவிடுங்கள்.

அன்று பகலிலும் சாயங்காலமும்

பகலில் மத்தியானத் தூக்கம் கட்டாயம். வெளிச்சம் இருக்கும்போதே களரிக்குப் போய்வாருங்கள். கூட்டம் இல்லாத அந்த இடத்தில் குழந்தை நடந்து பார்க்கட்டும். ஒலிபெருக்கி எங்கே கட்டியிருக்கிறார்கள், விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, திரும்பி வர வழி எது என்று நீங்கள் கவனியுங்கள். குளம், கிணறு, பெரிய சாலை பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பயந்த குழந்தை திசை பார்க்காமல் ஓடும்.

சாயங்காலம் கூத்து வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு வேஷம் போடுகிற இடத்துக்கு அழைத்துப் போங்கள். சாதாரணமாக வேட்டியும் பனியனும் போட்டிருக்கிற ஒருவர் கண்ணாடி முன் உட்கார்ந்து முகத்தில் சாயம் பூசுவதையும், பிறகு கட்டை கட்டிக் கிரீடம் வைப்பதையும் குழந்தை தள்ளி நின்று பார்க்கட்டும். "இவரு மாமாதான். பவுடர் பூசிக்கறாரு" என்று சொல்லுங்கள். ஆள் வேஷமாக மாறுவதைக் கண்ணால் பார்த்த குழந்தைக்கு, திரை விலகும்போது வருகிறவர் அந்நியராகத் தெரியமாட்டார். பயம் பெருமளவு இங்கேயே குறையும்.

எந்த ராத்திரிக்குப் போவது என்பதும் முக்கியம். துரியோதனன் சபையில் திரௌபதி துகிலுரிதல் நடக்கும் இரவும், இரணியன் கூத்தும் முதல் தடவைக்கு வேண்டாம். ஆவேசம் அதிகம், பார்ப்பவர்களில் சிலருக்கு அருளும் வரும். படுகளம், தீமிதி நாட்களில் கூட்டம் தாங்காது. சாந்தமான கதை நடக்கும் இரவைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு கணவன் மனைவி பேச்சு

மனைவி: ஏங்க, போன வருஷம் மாதிரியே நான் வீட்டுல இருந்துக்கறேன். நீங்க பெரியவன கூட்டிக்கினு போய்ட்டு வாங்க.

கணவன்: மூணு வருஷமா இதையேதான் சொல்ற. நீ கூத்து பாத்து எத்தினி நாளாச்சி?

மனைவி: நான் பாக்காட்டி இன்னா? சின்னவன் கத்துனா ஊரே திரும்பிப் பாக்குது. உங்க அம்மா வேற, புள்ளய வளக்கத் தெரியலன்றாங்க.

கணவன்: அம்மாகிட்ட நான் பேசறேன். அது அடம் இல்ல, சத்தம் அவனுக்கு வலிக்குதுன்னு நர்சம்மாதான் சொன்னாங்களே. விடிய விடிய இருக்கணும்னு யாரு சொன்னது? கட்டியக்காரன் வந்துட்டுப் போற வரைக்கும் பாப்போம்.

மனைவி: நடுவுல அழுதான்னா?

கணவன்: நான் தூக்கினு வீட்டுக்கு வந்துடறேன். நீ பெரியவனோட உக்காந்து பாத்துட்டு வா.

மனைவி: நெசமாவா சொல்றீங்க? உங்க கூட்டாளிங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க.

கணவன்: இருக்கட்டும். இன்னிக்கி நான் வரேன், அடுத்த தபா நீ வா. அவனுக்கு நாம ரெண்டு பேருந்தானே.

இந்தப் பேச்சில் மூன்று காரியம் முடிவாகிவிட்டது. எவ்வளவு நேரம் இருப்பது, அழுதால் யார் எடுத்துப் போவது, பெரியவர்களிடம் யார் பேசுவது. இந்த மூன்றையும் வீட்டை விட்டுக் கிளம்புமுன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். களரியில் நின்றுகொண்டு "நீ தூக்கு, நான் தூக்கு" என்று வாதாடினால் குழந்தையின் பதற்றம் இரட்டிப்பாகும். மாமியாரிடம் மருமகள் விளக்குவதைவிட மகன் விளக்குவது நல்லது. அது கணவனின் கடமை.

களரியில்

எங்கே உட்காருவது? திறந்த வெளியில் ஒலிபெருக்கியிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் இருப்பவர் 40 மீட்டருக்குப் போனால் சுமார் 12 டெசிபல் குறையும். குழாய் ஒலிபெருக்கியின் வாய் பார்க்கும் திசையில் உட்காராதீர்கள், அதன் பக்கவாட்டில் உட்காருங்கள். கூட்டத்தின் ஓரத்தில், வெளியே போகும் வழியை ஒட்டி, விளக்கு கண்ணில் நேராகப் படாத இடமாகப் பாருங்கள். வீட்டுப் பாயையே கொண்டுபோங்கள். அந்தப் பாயின் அளவு குழந்தைக்குத் தன் இடம் என்று தெரியும்.

என்ன எடுத்துப் போவது? காதுமூடி, தண்ணீர், வழக்கமாகத் தின்கிற பண்டம், கையில் வைத்துக்கொள்ளப் பிடித்த பொருள், பழகிய மெல்லிய துணி. புதுச்சட்டை வேண்டாம். பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கிளம்புமுன் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகவைத்துவிடுங்கள்.

எப்போது போவது? கூத்து தொடங்கும்போது வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து கொஞ்ச நேரம் ஓங்கி முழங்கும். அதைத் தூரத்திலிருந்தே கேட்கட்டும். பாட்டு தொடங்கிச் சத்தம் நிதானப்பட்ட பிறகு மெதுவாக நெருங்குங்கள். கட்டியக்காரன் ஆரம்பத்திலேயே வந்துவிடுவான் என்பதால் முதல் தடவைக்கு அவன் வரும் பகுதியே பொருத்தம். அரைமணி நேரம் போதும். பத்து நிமிஷம் ஆனாலும் சரி. குழந்தை சந்தோஷமாக இருக்கும்போதே எழுந்துவிடுங்கள். அழுகையில் முடிந்த பயணம் அடுத்த தடவை பயத்தில் தொடங்கும்.

போதும் என்று எப்படி அறிவது?

எல்லாக் குழந்தையும் சைகை காட்டாது. காதை இறுக்கிப் பொத்துவது, உடம்பை வேகமாக ஆட்டுவது, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்புவது, தாயின் மடியில் முகம் புதைப்பது, உடம்பு விறைப்பது, கையைக் கடித்துக்கொள்வது, இவை அடையாளங்கள். இவற்றைக் கண்டதும் எழுந்து போய்விடவேண்டும். "இதோ இந்தப் பாட்டு முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள்.

மீறிக் கத்தி அழத் தொடங்கிவிட்டால்:

• தூக்கிக்கொண்டு இருட்டான, அமைதியான இடத்துக்குப் போங்கள்.

• அதிகம் பேசாதீர்கள். "சரி, சரி, போய்டலாம்" என்பது போதும்.

• அணைப்பது பிடிக்கிற குழந்தையானால் இறுக அணையுங்கள். பிடிக்காத குழந்தையானால் அருகில் உட்கார்ந்திருங்கள்.

• காதைப் பொத்திய கையை இழுக்காதீர்கள். அடிக்காதீர்கள். குலுக்காதீர்கள்.

• கூட்டத்தைக் கூட்டி விபூதி போடுவது, வேப்பிலை அடிப்பது வேண்டாம். கோவில் பிரசாதம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் குழந்தைக்கு வேண்டியது அமைதியும் காற்றும்.

பத்திருபது நிமிஷம் போனபின் குழந்தை தெளிந்துவிட்டால் திரும்பப் போவதா வீட்டுக்குப் போவதா என்று குழந்தையின் முகம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் கூத்துக் குழுவுக்கும்

குழந்தை அழுதால் திரும்பிப் பார்த்து "என்ன புள்ள வளத்திருக்கா" என்று சொல்லாதீர்கள். வழிவிடுங்கள், அது பேருதவி. விழா நடத்துகிற பெரியவர்கள் ஓரத்தில் ஒலிபெருக்கி இல்லாத ஒரு பக்கத்தை இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு விட்டுவைக்கலாம். வெடி போடுமுன் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லலாம். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், இருதய நோயாளிகள் எல்லோருக்கும் அது நல்லது. வேஷக்காரர் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க நினைத்துத் திடீரென்று கூட்டத்துக்குள் பாய்வதுண்டு. ஓரத்தில் இப்படி ஒரு குழந்தை இருக்கிறது என்று வாத்தியாரிடம் முன்பே சொல்லிவைத்தால் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வார்.

அரசு உதவி எங்கே கிடைக்கும்?

உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வந்து குழந்தைகளைப் பார்க்கவேண்டும். அவர்கள் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு குழந்தையைக் காட்டுங்கள். மேற்கொண்டு பரிசோதனையும் பயிற்சியும் தேவைப்பட்டால் மாவட்ட அளவிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வாங்கிக்கொண்டால் கல்வி, உதவித்தொகை முதலியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். சின்ன வயதிலேயே பயிற்சி தொடங்குவது நல்லது. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருந்து காலத்தை வீணாக்காதீர்கள்.

நினைவில் வையுங்கள்

1. காதைப் பொத்துவது அடம் அல்ல. சத்தம் உண்மையிலேயே வலிக்கிறது.

2. முதலில் படம், பிறகு வேஷம் போடும் இடம், பிறகு தூரத்திலிருந்து ஆட்டம். படிப்படியாகப் போகவேண்டும்.

3. காதுமூடியும் "போதும்" சைகையும் வீட்டிலேயே பழகியிருக்கவேண்டும்.

4. ஓரத்தில் உட்காருங்கள். வழி தெரிந்து உட்காருங்கள்.

5. யார் எடுத்துப் போவது என்று கணவன் மனைவி முன்பே பேசி முடிவு செய்யுங்கள். எப்போதும் தாயே எழுந்து போகக்கூடாது.

6. பத்து நிமிஷம் பார்த்தாலும் அது வெற்றிதான். அடுத்த வருஷம் இருபது நிமிஷம் ஆகலாம். ஆகாமலும் போகலாம். குழந்தைக்குக் கூத்து கொஞ்சமும் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தவேண்டாம். அப்போது ஒரு ராத்திரி அப்பா வீட்டில் இருக்கட்டும், அம்மா போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

மேலும் விவரங்களுக்குக் கிராம சுகாதார செவிலியரையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகவும். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. இதைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுத் தம்பதிகளுக்கும் கொடுங்கள்.